இராவணன் கொல்லப்பட்டான்

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை எவனையாவது கூப்பிட்டு, 'இராமன் இராவணனைக் கொன்றான்' என்ற வாக்கியத்தை இங்கிலீஷில் சொல்லி, அதைச் செயப்பாட்டு வினையாக மாற்றச் சொல்லிப் பாருங்கள். "இராவணா வாஸ் கில்டு பை இராமா" என்று மூச்சு விடாமல் சொல்லிவிடுவான். சொல்லாமல் என்ன செய்வான்? வருஷா வருஷம் அந்த இராவணனைக் கொன்று கொன்று அவனுக்குக் கை பழகிப் போயிருக்கிறது.

அதே பிள்ளையின் கையில் ஒரு பக்கத்துக்கு இங்கிலீஷில் அடித்த கடுதாசி ஒன்றைக் கொடுத்து, "இதில் என்னப்பா எழுதியிருக்கிறது?" என்று கேளுங்கள். எழுத்துக் கூட்டியாவது வாசித்துவிடுவான். சில பிள்ளைகள் தங்கு தடையில்லாமலே வாசிப்பார்கள். அர்த்தம் கேட்டால்தான் நம் முகத்தைப் பார்ப்பார்கள்.

இலக்கணம் தெரிந்தவனுக்கு மொழி தெரியாமல் போவது எப்படி ஐயா? நீச்சல் விதிகளை ஒப்பிக்கத் தெரிந்தவன் குளத்தில் முழுகிப் போவது போலல்லவா இருக்கிறது! இது பிள்ளையின் குற்றம் என்பார் உபாத்தியாயர். உபாத்தியாயரின் குற்றம் என்பார் பெற்றோர். இரண்டு பேரும் பாவம். குற்றம் பரீட்சையினுடையது என்பதே என் கட்சி.

இந்தக் கட்சியை எடுத்துப் பேச ஸ்ரீபெரும்புதூரைவிடப் பொருத்தமான ஊர் வேறு இல்லை. இராமானுஜர் அவதரித்த ஊர் என்று பெரியவர்கள் அறிவார்கள். 1991-ல் ராஜீவ் காந்தி உயிர் நீத்த ஊர் என்று எல்லோரும் அறிவார்கள். இன்றைய பிள்ளைகளுக்கோ அது வேலை கிடைக்கும் ஊர். 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனி கால் ஊன்றியது. 1998-ல் அங்கிருந்து கார் புறப்பட்டது. 2006-ல் நோக்கியாக்காரர்கள் கைபேசி செய்யத் தொடங்கினார்கள். 2010-ல் ஒரகடத்தில் ரெனோவும் நிஸ்ஸானும், 2012-ல் டெய்ம்லர் லாரியும், 2013-ல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும் வந்து சேர்ந்தன. சுங்குவார்சத்திரத்திலும் வல்லம் வடகாலிலும் பிள்ளைப்பாக்கத்திலும் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தால், கண்ணுக்கெட்டிய தூரம் தகரக் கூரைதான். ஷிப்டு மாறுகிற நேரத்தில் வாலாஜாபாத் சாலையில் போகிற கம்பெனி பஸ்களை எண்ணி முடியாது. அந்த பஸ்களில் தூங்கிக்கொண்டே போகிற பையன்களும் பெண்களும் பெரும்பாலும் பிளஸ் டூவோ, ஐ.டி.ஐ.யோ, டிப்ளமாவோ முடித்தவர்கள். உத்திரமேரூரிலிருந்தும் செய்யாற்றிலிருந்தும், இன்னும் தெற்கே விழுப்புரத்திலிருந்தும் வந்தவர்கள்.

இவர்கள் வாழ்க்கையிலே இங்கிலீஷ் வந்து காரியமாக நிற்கிற முதல் இடம் எது தெரியுமா? ஷேக்ஸ்பியர் அல்ல, கவிதை அல்ல. வேலைக்குச் சேருகிற அன்று கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டப்படுகிற கடுதாசி. அது பெரும்பாலும் இங்கிலீஷில்தான் இருக்கிறது. இரண்டு பக்கமோ நாலு பக்கமோ, பொடி எழுத்து, வரிசையாக எண் போட்ட ஷரத்துகள். அதைப் பொறுமையாக வாசித்தால் ஓர் ஆச்சரியம் தெரியும். பிளஸ் டூ பரீட்சையில் கேட்கிற இலக்கணம் அத்தனையும் அதற்குள் இருக்கிறது!

முதலில் அந்தச் செயப்பாட்டு வினை. 'பயிற்சிக் காலத்தில் எந்த நேரத்திலும் உமது வேலை முடிவுக்குக் கொண்டுவரப்படலாம்' என்கிற பொருளில் ஒரு ஷரத்து இத்தகைய கடுதாசிகளில் சாதாரணமாகக் காணப்படும். யாரால் கொண்டுவரப்படலாம்? சூப்பர்வைசராலா, மானேஜராலா, ஆள் சப்ளை செய்த காண்டிராக்டராலா? அது இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? செயப்பாட்டு வினை என்றால் கடைசியில் 'பை' போட வேண்டும், போடாவிட்டால் மார்க்குப் போய்விடும் என்று. உலகத்திலோ, அந்த 'பை'யைக் கழற்றிவிடத்தான் பெரும்பாலும் செயப்பாட்டு வினையைக் கையாளுகிறார்கள். 'இராவணன் கொல்லப்பட்டான்' என்று நிறுத்திவிட்டால் இராமன் பெயரை எடுக்காமலே விஷயத்தைச் சொல்லிவிடலாமல்லவா? இது இங்கிலீஷின் தந்திரம் மட்டுமல்ல. 'தடியடி நடத்தப்பட்டது' என்று நம் பத்திரிகைகளும்தான் எழுதுகின்றன. தடியைப் பிடித்த கை எங்கே? வினைக்குள்ளே மறைந்துகொண்டது. இதைப் பத்து நிமிஷத்தில் ஒரு பிள்ளைக்கு விளக்கிவிடலாம். விளக்கிவிட்டால் இந்தப் பிறவி முழுவதற்கும் அவன் ஏமாற மாட்டான். நாமோ அவனை நூறு வாக்கியம் மாற்ற வைக்கிறோம். ஒரு வாக்கியத்தையாவது சந்தேகப்பட வைக்கவில்லை.

அடுத்தது 'மே' என்கிற சின்னச் சொல். கோடிட்ட இடத்தை நிரப்புவதில் அது வரும். 'மழை வரலாம்' என்பது போல நிச்சயமில்லாததைச் சொல்ல 'மே' என்று பிள்ளை படித்திருக்கிறான். 'பயிற்சிக் காலம் நீட்டிக்கப்படலாம்' என்று கடுதாசியில் வருகிற 'மே'யையும் அவன் அப்படித்தான் எடுத்துக்கொள்ளுகிறான்: நீட்டினாலும் நீட்டுவார்கள், நீட்டாமலும் இருப்பார்கள், எல்லாம் நம் அதிர்ஷ்டம் என்று. அந்த 'மே' அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசவில்லை; அதிகாரத்தைப் பற்றிப் பேசுகிறது. நீட்டுகிற உரிமை எங்களுக்கு உண்டு என்று அது சொல்லுகிறது.

மூன்றாவது, 'அன்லெஸ்'. 'இஃப்' போட்ட வாக்கியத்தை 'அன்லெஸ்' போட்டு எழுதுக என்பது நம் பரீட்சைகளின் பழைய சிநேகிதன். மழை பெய்யாவிட்டால் வருவேன், மழை பெய்தாலன்றி வருவேன் என்று பிள்ளை புரட்டிப் புரட்டி எழுதுகிறான். 'எழுத்து மூலம் நிரந்தரம் செய்யப்பட்டாலன்றி நீர் பயிற்சியாளராகவே கருதப்படுவீர்' என்று ஒரு ஷரத்து வரும்போது அது அவன் தலையில் ஏறுவதில்லை. ஒரு வருஷம் முடிந்ததும் தானாகவே 'பர்மனெண்ட்' ஆகிவிட்டோம் என்று ஊரிலே சொல்லி, அதை நம்பிக் கடனும் வாங்கி, கல்யாணத்துக்கும் நாள் பார்த்துவிடுகிறான். அந்த ஒரு சொல்லின் விலை அவ்வளவு.

கம்பெனிகள் வஞ்சகம் செய்கின்றன என்று நான் சொல்லவில்லை. வக்கீல் பாஷை எல்லா தேசத்திலும் இப்படித்தான் இருக்கிறது. வாசிக்கிறவனுக்குக் கண் இருந்தால் போதும், அது ஒன்றும் மந்திர சாஸ்திரம் அல்ல. அந்தக் கண்ணைக் கொடுக்க வேண்டிய பள்ளிக்கூடம் அதைக் கொடுக்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

சட்டம் செய்தவர்களுக்குக் கூட இந்த விஷயம் தெரிந்திருந்தது. தொழிற்சாலையின் நிலையாணைகளை இங்கிலீஷிலும், தொழிலாளரில் பெரும்பாலோருக்குத் தெரிந்த பாஷையிலும் வாசலுக்கருகே எழுதி ஒட்ட வேண்டும் என்று 1946-ஆம் வருஷத்து நிலையாணைச் சட்டம் விதித்தது. வெள்ளைக்காரன் இன்னும் ஊரைவிட்டுப் போகாத காலம் அது! பழைய தொழிற் சட்டங்களுக்குப் பதிலாக 2020-ல் நிறைவேறிய புதிய தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பரில் அமலுக்கு வந்திருக்கின்றன. தொழிலாளிக்கு நியமனக் கடிதம் கொடுத்தே தீரவேண்டும் என்று அவை கட்டாயப்படுத்துகின்றன. நல்லது. கையில் கொடுக்கச் சட்டம் வந்துவிட்டது. வாசிக்கச் சொல்லிக் கொடுப்பது யார்?

நம் பரீட்சையைப் பாருங்கள். மேல்நிலை இரண்டாம் ஆண்டில் இங்கிலீஷுக்கு எழுத்துப் பரீட்சை 90 மார்க்கு, உள்மதிப்பீடு 10. மொத்தம் 100-க்கு 35 வாங்கினால் தேறினான். ஒத்த சொல், எதிர்ச் சொல், வாக்கியம் மாற்றுதல், பிழை கண்டுபிடித்தல், பாடத்திலிருந்து பத்தி, கவிதையிலிருந்து பத்தி. இவற்றில் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே உருப்போட முடியும். அதற்கென்றே கடையில் கைடு இருக்கிறது. 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பெயரைச் சூட்டி, அவர்கள் தேறுவதற்கு மட்டும் வேண்டியதைத் திரட்டிய சின்னப் புத்தகங்கள் ஜில்லாவுக்கு ஜில்லா உலவுகின்றன. இந்தப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தால் 35 நிச்சயம். பிள்ளை முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்கிற பகுதி அடியோடு இல்லாமல் இல்லை. கல்யாணப் பந்தியில் ஊறுகாய் மாதிரி ஓர் ஓரத்தில் இருக்கிறது. அதை விட்டாலும் வயிறு நிரம்பிவிடும்.

உபாத்தியாயரை இதற்காக ஏசுவது நியாயமே இல்லை. தேர்ச்சி சதவீதம் என்ற தராசில் அவர் வருஷா வருஷம் நிறுக்கப்படுகிறார். முப்பத்தைந்து மார்க்கு மனப்பாடத்தில் கிடைக்கும்போது, வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று எந்த தைரியசாலி புறப்படுவார்? பரீட்சை எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பு கொடுக்கும்.

இதன் பலனை எண்ணிக்கையில் காட்டிவிட்டார்கள். 'அசர்' என்கிற கல்வி ஆய்வில் 2023-ல் 14 முதல் 18 வயது வரையுள்ள கிராமத்துப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். இந்தியா முழுவதிலும் 26 மாநிலங்களில் எடுத்த கணக்கு. இங்கிலீஷ் வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு 57.3 பேர். அப்படி வாசித்தவர்களிலும் அர்த்தம் சொல்ல முடிந்தவர்கள் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 42 பேர்தான் புரிந்து வாசிக்கிறார்கள். பாக்கிப் பதினைந்து பேர் வாய்தான் வாசிக்கிறது. அதுவும் மிகச் சுலபமான வாக்கியங்களில்! நாலு பக்கத்து ஷரத்துகளின் கதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த வியாதி நமக்கு மட்டும் வந்தது என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். சீனத்திலே உயர்நிலைப் பள்ளியின் கடைசி வருஷத்துப் பிள்ளைகள் 'காவ்காவ்' என்கிற பரீட்சை எழுதுகிறார்கள். கலாசாரப் புரட்சியில் நின்றுபோன அந்தப் பரீட்சை 1977-ல் மறுபடி வந்தது. பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மார்க்கு. அதில் இங்கிலீஷுக்கு மட்டும் 150. அங்கேயும் கோடிட்ட இடங்களை நிரப்பி நிரப்பி இளமையைக் கழிக்கிறார்கள். அப்படிப் படித்து வந்த இங்கிலீஷுக்குச் சீனர்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'ஊமை இங்கிலீஷ்'. ஆனாலும் அவர்களுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சீனத்துப் பையன் ஷென்ஜென்னில் வேலைக்குச் சேரும்போது கையெழுத்திடுகிற ஒப்பந்தம் சீன மொழியில் இருக்கிறது. அவன் இங்கிலீஷ் ஊமையானால் அவனுக்கு ஒரு மொழி நஷ்டம். நம் பையனுடைய இங்கிலீஷ் ஊமையானால் அவன் வழக்கே ஊமையாகிவிடுகிறது.

இன்னொரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். ஒரகடம் சாலையில் இங்கிலீஷ் யாருக்குத் தாய்மொழி? கொரியாக்காரருக்கா, ஜப்பானியருக்கா, ஜெர்மானியருக்கா, பிரெஞ்சுக்காரருக்கா? இயந்திரத்தை நிறுவிக் கொடுக்க வருகிற தைவான், சீனத்துப் பொறியாளர்களுக்கா? ஒருவருக்கும் இல்லை. எல்லோருக்கும் அது இரவல் சட்டைதான். 'ஏ' எங்கே வரும், 'தி' எங்கே வரும் என்று அவர்களில் பலர் கவலைப்படுவதே இல்லை. காரியம் நடக்கிறது. நம் பிள்ளையோ 'ஏ'யா 'தி'யா என்று பயந்து வாயைத் திறக்காமல் நிற்கிறான். பிழையைப் பார்த்து நடுங்கக் கற்றுக் கொடுத்தோம். பொருளைப் பார்க்கக் கற்றுக் கொடுக்கவில்லை.

இலக்கணம் வேண்டாம் என்கிறாயா என்று பண்டிதர்கள் பாய்வார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. நான் மேலே எடுத்துக் காட்டிய மூன்றும் இலக்கணம்தானே! இலக்கியத்தைக் கண்டுதான் இலக்கணம் சொல்ல வேண்டும் என்பது தமிழ்ப் புலவர்களின் பழைய கொள்கை. தொல்காப்பியத்தைப் படித்துவிட்டா நம் குழந்தைகள் "அம்மா, பசிக்கிறது" என்றன? எள்ளைக் கண்ணில் காட்டாமல் எண்ணெயின் குணங்களை ஒப்பிக்கச் சொல்லுகிறவனை என்னவென்பது? ரென்னும் மார்ட்டினும் எழுதி 1935-ல் வெளிவந்த இலக்கணப் புத்தகம் இன்றும் நம் கடைகளில் விற்கிறது. அந்த ரென் ஒரு நாவலாசிரியர், என் தொழில்காரர். அவர் புத்தகத்தைக் கையில் எடுத்த நம் தேசத்தார், அவர் நாவலையும் எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திராது.

எல்லாவற்றையும் இங்கிலீஷ் மீடியம் ஆக்கிவிட்டால் தீர்ந்தது என்று இன்னொரு கட்சி. 2012-13 முதல் சர்க்கார் பள்ளிகளிலும் இங்கிலீஷ் வகுப்புகள் பெருகின. ஒரு பாடத்தை அர்த்தம் தெரியாமல் உருப்போட்ட பிள்ளை இப்போது ஆறு பாடத்தையும் உருப்போடுகிறான். வியாதி ஒரு விரலிலிருந்து கை முழுவதும் பரவியதைக் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியுமா?

"கைபேசியில் காட்டினால் தமிழாக்கித் தந்துவிடுகிறதே!" என்று சிரிக்கிறவர்களும் உண்டு. அந்த யந்திரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது கடுதாசியில் உள்ளதைத்தான் தமிழாக்கும். 'பை' இல்லாத இடத்தில் 'யாரால்?' என்று கேட்கிற புத்தியை அது கொடுக்காது. கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் பதில் சொல்லும். கேள்வி மனிதனிடமிருந்து வரவேண்டும்.

"கடுதாசியையே தமிழில் கொடுக்கச் சொல்லேன்" என்கிற கட்சி ஒன்று பாக்கி. அந்தக் கட்சியில் நானும் ஓர் அங்கத்தினன். தமிழ்நாட்டில் தமிழனுக்கு வேலை கொடுக்கிறவர் ஷரத்தைத் தமிழிலும் எழுதித் தருவதே நியாயம். நிலையாணைக்கு 1946-ல் தோன்றிய நியாயம் நியமனக் கடிதத்துக்கு இன்றும் தோன்றாமலிருப்பது வெட்கக்கேடு. அதற்காகப் போராடுவோம். ஆனால் நோக்கியா 2014-ல் மூடிக்கொண்டு போனதையும் மறக்க வேண்டாம். அங்கே வேலை பார்த்தவர்களில் பலர் பிளஸ் டூ முடித்த கையோடு வந்த இளம் பெண்கள். கம்பெனி போகும், இன்னொன்று வரும், ஒவ்வொரு தடவையும் புதுக் கடுதாசி, புதுப் படிவம், பாங்குக்கு ஒன்று, பிராவிடண்டு பண்டுக்கு ஒன்று. நாம் போராடி ஜெயிக்கிற வரைக்கும் அந்தப் பெண் வாசிக்கத் தெரியாமல் காத்திருக்க வேண்டுமா?

நிற்க. நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. டாக்காவில் உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி கொடுத்த மைக்கேல் வெஸ்ட் என்கிற இங்கிலீஷ்காரர், இந்நாட்டுப் பிள்ளைக்கு இங்கிலீஷில் முதல் தேவை வாசிப்புதான் என்று 1926-லேயே எழுதினார். சென்னை ராஜ்யத்தில் 1959-ல் 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்ற பெயரில் 27,000 உபாத்தியாயர்களைப் பழக்கப் புறப்பட்டார்கள். பனிக்கட்டி உருண்டை உருண்டு பெரிதாவது போல ஒருவர் கற்றுப் பலருக்குக் கற்பிப்பது என்று ஏற்பாடு. ஆனால் கற்பித்தது வாக்கிய அமைப்புகளை. அச்சு வார்த்தது போல ஒன்றன்பின் ஒன்றாக. அந்த முறையில் அதிருப்தி கொண்டு, சென்னை பிரிட்டிஷ் கவுன்ஸிலில் இருந்த என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள சாதாரணப் பள்ளிகளில் வேறொன்றைச் செய்து பார்த்தார். இலக்கணப் பாடம் என்று ஒன்றும் இல்லை. ரெயில்வே அட்டவணையைக் கொடுத்து, எந்த வண்டியில் ஏறினால் எப்போது போய்ச் சேரலாம் என்று கேட்டார்; வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்டார். மனம் பொருளில் ஆழ்ந்திருக்கும்போது இலக்கணம் தானே உள்ளே இறங்கும் என்பது அவர் கொள்கை. முடிவில் வெளியார் வந்து சோதித்தார்கள். பலன்கள் மொத்தத்தில் அந்தக் கொள்கைக்கு அனுகூலமாகவே இருந்தன. 1987-ல் அவர் எழுதிய புத்தகத்தை உலகத்து இங்கிலீஷ் உபாத்தியாயர்கள் இன்றும் படிக்கிறார்கள். நம் வீட்டுக் கொல்லையில் முளைத்த மூலிகையை அயலூரார் பறித்துப் போய் மருந்து செய்கிறார்கள். நாம் கைடு வாங்குகிறோம்!

ஆகவே நான் கேட்பது மூன்றே மூன்று. 90 மார்க்கில் சரிபாதியாவது பிள்ளை முன்பு கண்டிராத பக்கங்களுக்குக் கொடுங்கள். அந்தப் பக்கங்கள் அவன் வாழ்க்கையில் வரப் போகிறவையாக இருக்கட்டும்: வேலைக் கடுதாசி, இன்ஷூரன்ஸ் படிவம், மருந்துச் சீட்டின் எச்சரிக்கை, இயந்திரத்தின் மேல் ஒட்டிய குறிப்பு, கூடவே நல்ல கதையும். இலக்கணக் கேள்வியை அந்தப் பக்கத்திலிருந்தே கேளுங்கள்: 'இந்த வாக்கியத்தில் செய்கிறவர் யார்? அவர் பெயர் ஏன் இல்லை? இந்த 'மே' யாருக்கு உரிமை கொடுக்கிறது?' என்று.

இரண்டாவது, அந்தக் கேள்விகளுக்குத் தமிழில் பதில் எழுத அனுமதியுங்கள். கூச்சல் போடாதீர்கள். இங்கிலீஷ் புரிந்ததா என்பதுதான் கேள்வி. புரிந்ததைப் பிள்ளை தன் மொழியில் சொன்னால் என்ன முழுகிப் போகிறது? இங்கிலீஷில் பதில் எழுது என்றால் கேட்ட பத்தியிலிருந்தே இரண்டு வரியைப் பார்த்து எழுதிவிடுவான். அது சரியாகவும் இருந்து தொலைக்கும். தமிழில் எழுது என்றால் தப்பிக்க முடியாது. புரிந்திருந்தால்தான் எழுத முடியும்.

மூன்றாவது, தினம் அரை மணி பிள்ளையின் கையில் சுலபமான ஒரு புத்தகம். கேள்வி இல்லை, மார்க்கு இல்லை. சும்மா படிக்கட்டும்.

இதற்குச் சட்டசபை கூட வேண்டியதில்லை. கேள்வித்தாள் தயாரிக்கிறவர்கள் மனம் வைத்தால் போதும். அவர்களுக்கு ஒரு சவால். வருகிற மார்ச்சுப் பரீட்சையில், இந்தச் சாலையில் வழங்குகிற வேலைக் கடுதாசி ஒன்றைக் கம்பெனி பெயரை நீக்கிவிட்டு அச்சடியுங்கள். கீழே ஐந்து கேள்வி கேளுங்கள். ஸ்ரீபெரும்புதூரிலும் வாலாஜாபாத்திலும் எத்தனை பிள்ளைகள் ஐந்துக்கும் சரியான பதில் எழுதுகிறார்கள் என்று எண்ணுங்கள். அந்தக் கணக்கைப் பத்திரிகையில் போட்டுவிட்டு, அதற்கப்புறம் தேர்ச்சி சதவீதத்தைப் பற்றி மேடையில் பேசலாம்.